பிரேம்சந்த் ராய்ச்சந்த்: ஒரு கையொப்பமும் ஒரு வங்கியும்

பம்பாய் மாநகரின் கோட்டைப் பகுதியில், ஓவல் மைதானத்தை நோக்கியவாறு, பல்கலைக்கழக வளாகத்தினுள் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. உயரம் 280 அடி. இராஜாபாய் கோபுரம் என்பது அதன் பெயர். தீர்த்த யாத்திரையாகக் குஜராத்திற்குச் செல்லும் வழியில் பம்பாயில் தங்கிய நம் குடும்பத்தார் பலர் இதனைக் கண்டிருப்பர். பல்கலைக்கழக மணிக்கூண்டு ஒன்று ஒரு சமண மூதாட்டியின் பெயரைத் தாங்கி நிற்பதன் காரணம் அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்பது ஐயமே.

அம்மூதாட்டி பிரேம்சந்த் ராய்ச்சந்த் என்னும் பெருவணிகரின் தாயார். கண்பார்வை இழந்தவர் என்றும், இரவு உண்ணாமை நோன்பினை வழுவாது காத்தவர் என்றும், பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நேரத்தைப் பிறர் உதவியின்றி அறிந்துகொள்ள இம்மணியோசை அவருக்குத் துணையாயிற்று என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கோபுரத்திற்குத் தாம் அளித்த 2 லட்சம் ரூபாய் நன்கொடைக்கு மகனார் விதித்த நிபந்தனை, அது தம் அன்னையின் பெயரால் வழங்கப்பட வேண்டும் என்பதே.

சமண இதழ்களில் பிரேம்சந்தைக் கொடை வள்ளலாக மட்டும் எழுதுவது வழக்கமாக இருந்து வருகிறது. கொடை உண்மையே. ஆயினும் அவர் வாழ்வின் மற்றொரு பாதியையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். நாட்டின் மிகப் பாதுகாப்பான நிறுவனங்களுள் ஒன்றாகக் கருதப்பட்ட ஒரு வங்கி, அவர் மீது கொண்ட அளவிறந்த நம்பிக்கையாலும் தன் கட்டுப்பாடுகளைத் தானே கைவிட்டதாலும் முதலிழந்து மூடப்பட்டது. வங்கியில் பணம் வைத்திருப்பவரும் வங்கியில் பணிபுரிபவரும் இன்று நம் குடும்பங்களில் ஏராளம். அவர்களுக்கு இந்த இரண்டாம் பாதி மிகவும் பயன்படும் என்பது என் எண்ணம்.

பிரேம்சந்த் 1831இல் சூரத்தில் ஓசுவால் மரபினரான சுவேதாம்பர சமணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ராய்ச்சந்த் தீப்சந்த். சூரத் துறைமுகம் நொடித்துப் பம்பாய் வளர்ந்து வந்த காலம் அது. குடும்பம் பம்பாயில் குடியேறியது. எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் கற்ற இளைஞர், 1849ஆம் ஆண்டளவில் அக்காலத்துப் பெயர்பெற்ற தரகர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஆங்கிலம் பேசவும் எழுதவும் வல்ல முதல் இந்தியத் தரகர் இவரே என்பர். ஐரோப்பிய வங்கி அதிகாரிகளிடமும் கம்பெனி முதலாளிகளிடமும் இடையாள் இன்றிப் பேசக்கூடியவர் என்ற அந்த ஒரு தகுதியே அவரை மற்றத் தரகர்களினின்று வேறுபடுத்தியது.

தரகர் தொழிலின் இயல்பு ஒன்றை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். விற்பவனையும் வாங்குபவனையும் கூட்டிவைத்துக் கூலி பெறுபவன் தரகன். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவனுடைய கூலி அவனுக்கு உண்டு. இடர் அவனைச் சாராது. பிரேம்சந்த் தம் இளமையில் ஈட்டிய செல்வத்தில் பெரும்பங்கு இத்தகைய இடரற்ற செல்வமே. அறிவும் உழைப்பும் அவருக்கு மூலதனம். இங்கிலாந்திலிருந்து அஞ்சல் கப்பல் வரும் நாளில், அது துறைமுகத்தை அடையுமுன்பே சிறு படகுகளை அனுப்பி லிவர்பூல் பருத்தி விலையை முந்தி அறிந்துகொள்வார் என்று சொல்லப்படுகிறது. பிறர் அறியுமுன் தாம் அறிவதும், அறிந்தபின் விரைந்து செயல்படுவதும் அவருடைய வெற்றியின் இரகசியம். ஐயத்தின் மீது பந்தயம் கட்டும் பழக்கம் அப்போது அவருக்கு இல்லை.

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டிய பருத்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து சென்றுகொண்டிருந்தது. வடமாநிலக் கடற்படை அத்துறைமுகங்களை முற்றுகையிடவே, ஆலைகள் இந்தியப் பருத்தியை நோக்கித் திரும்பின. பம்பாயில் பருத்தியின் விலை பன்மடங்காயிற்று. மெத்தை, தலையணைகளைப் பிரித்து அவற்றின் பஞ்சையும் விற்றனர் என்று அக்காலத்தைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். வழக்கமான வருவாய்க்கு மேல் அந்நகருக்குள் வந்து குவிந்த பணம் ஐந்தாண்டுகளில் ஏழு, எட்டுக் கோடி பவுன் அளவில் இருக்கும் என்பது வரலாற்றாசிரியர் கணக்கு.

இவ்வளவு பணத்திற்கு அந்நகரில் வேலை இல்லை. பணம் வேலை தேடியது. அதற்கு வேலை கொடுக்கப் புதுப் புதுக் கம்பெனிகள் தோன்றின. 1865 தொடக்கத்தில் பம்பாயில் 31 வங்கிகளும், 16 நிதிச் சங்கங்களும், 8 நிலக் கம்பெனிகளும் இருந்தன. அவற்றோடு கப்பல், காப்புறுதி, பருத்தி அழுத்தும் ஆலை ஆகியவற்றுக்கென எண்ணற்ற கம்பெனிகள். 60 அளவில் இருந்த தரகர் தொகை 200ஐத் தாண்டியது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் நோக்குடன் ஏற்பட்ட பாக் பே கம்பெனியின் பங்கு ஒன்றுக்கு ரூ. 5,000 செலுத்தப்பட்டிருந்தது; சந்தையில் அது ரூ. 50,000 வரை விலை போயிற்று. தூர்க்கப்பட வேண்டிய கடல் அப்போதும் கடலாகவே இருந்தது.

இக்கம்பெனிகள் பலவற்றின் பின்னணியில் நின்றவர் பிரேம்சந்த். தரகராக இருந்தவர் இப்போது கம்பெனிகளைத் தோற்றுவிப்பவரானார். பங்குகளை ஒதுக்கீடு செய்வதில் அவர் சொல்லே சொல். அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்தால் அது பணத்திற்கு நிகர் என்னும் நிலை ஏற்பட்டது. முப்பத்து மூன்று வயதே ஆன ஒருவருக்கு இத்தகைய செல்வாக்கு அமைந்ததை எண்ணும்போது வியப்பு ஒருபுறம், அச்சம் ஒருபுறம். கூலி பெறும் தரகரின் பாதுகாப்பான கரையை விட்டு அவர் நடுக்கடலுக்குள் இறங்கிவிட்டிருந்தார்.

இனி அந்த வங்கியின் கதைக்கு வருவோம். பாங்க் ஆஃப் பம்பாய் 1840இல் தோன்றியது. முதல் ரூ. 52,25,000. அதில் அரசாங்கத்தின் பங்கு 3 லட்சம். இயக்குநர் குழுவில் அரசு நியமித்த உறுப்பினர்களும் இருந்தனர். கல்கத்தாவின் பாங்க் ஆஃப் பெங்கால், சென்னையில் 1843இல் ஏற்பட்ட பாங்க் ஆஃப் மெட்ராஸ் ஆகியவற்றோடு இதுவும் மாகாண வங்கிகள் மூன்றனுள் ஒன்று. அரசின் பட்டயத்தால் இயங்கிய இத்தகைய வங்கிகளுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் விதிப்பது அக்கால வழக்கம். குறுகிய தவணைக்கே கடன் கொடுக்கலாம். மூன்று மாதம் என்பது பழைய வரையறை. அரசாங்கக் கடன் பத்திரம், பொன், வெள்ளி, எளிதில் அழியாத சரக்கு ஆகியவற்றையே ஈடாகப் பெறலாம். வீடு, நிலம் ஆகியவற்றின் அடமானத்தின் பேரில் கடன் தருதல் விலக்கப்பட்டிருந்தது. ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பும் இருந்தது.

படிப்போருக்கு இவை சலிப்பூட்டும் விதிகளாகத் தோன்றலாம். ஆனால் வங்கித் தொழிலின் உயிர்நாடியே இவைதாம். காரணத்தைச் சற்று விரித்துரைப்பது நலம்.

ஒரு வங்கி 100 ரூபாயைக் கடனாகக் கொடுத்து ஆண்டுக்கு 10 ரூபாய் வட்டி பெறுவதாகக் கொள்வோம். அந்தப் பத்தும் லாபமன்று. வைப்புத்தொகைக்கு வட்டி, சிப்பந்திகளின் சம்பளம், வாடகை முதலியன போக மிஞ்சுவது இரண்டு அல்லது இரண்டரை ரூபாயாக இருக்கும். இந்நிலையில் ஒரு நூறு ரூபாய்க் கடன் திரும்பி வாராவிடில், அவ்விழப்பை நிரப்ப நல்ல கடன்கள் குறைந்தது நாற்பதின் ஓராண்டு லாபம் வேண்டும். வங்கியின் லாபம் கொடுக்கும் கடனின் மிகுதியால் வளர்வதுபோலத் தோன்றினாலும், உண்மையில் அது வாராக்கடனின் குறைவால்தான் நிலைக்கிறது. இழப்பு லாபத்தையும் கடந்துவிட்டால் அடுத்துக் கரைவது பங்குதாரர்களின் முதல். அதுவும் கரைந்தால் வைப்பாளர்களின் பணம்.

இதில் வேறொரு நுட்பமும் உண்டு. வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பகுதிகளில் ஏரிப்பாசனத்தை நம்பி வாழும் நம் மக்களுக்கு அதை எளிதில் விளக்கலாம். பத்துப் பேருக்குத் தனித்தனியே கடன் கொடுத்த ஒருவர், தம் பணம் பத்து இடத்தில் பிரிந்து பத்திரமாக இருப்பதாக எண்ணுகிறார். அப்பத்துப் பேரின் நிலமும் ஒரே ஏரியின் கீழ் இருந்தால்? ஏரி உடைந்த அன்று பத்துக் கடனும் ஒரே கடன். அவர்கள் ஈடாகத் தந்ததும் அதே நிலமாயின் ஈட்டுக்கும் விலை இராது. ஈடு யாருக்குத் தேவைப்படுமோ அந்த நாளில்தான் அது மதிப்பிழக்கும். பம்பாயில் அந்த ஏரியின் பெயர் பருத்தி.

1862இல் மாகாண வங்கிகளிடமிருந்து நோட்டு வெளியிடும் உரிமையை அரசு எடுத்துக்கொண்டது. அவ்விழப்பிற்கு ஈடுபோலக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த முன்வந்தது. பாங்க் ஆஃப் பம்பாய்க்கு 1863ஆம் ஆண்டின் 10ஆம் சட்டம் புதிய பட்டயம் அளித்தது. கம்பெனிப் பங்குகளை ஈடாகப் பெற்றுக் கடன் தரலாம் என்பது அதன் வழி வந்த பெரிய மாற்றம். முதலும் உயர்த்தப்பட்டு, விரைவில் ரூ. 2 கோடியே 9 லட்சமாயிற்று. சட்டம் அனுமதி கொடுத்ததேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, விலை பாதியாக இறங்கினால் என்ன செய்வது என்பவற்றை வரையறுக்கும் பொறுப்பு இயக்குநர்களுடையது. அவர்கள் வரையறுக்கவில்லை. முழு அதிகாரமும் செயலாளரின் கையில் விடப்பட்டது. செயலாளரோ பிரேம்சந்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவராயினார்.

பின்னர் நடந்தவை வியப்புக்குரியன. பிரேம்சந்தின் பரிந்துரையுடன் வருவோருக்குக் கடன் தடையின்றிக் கிடைத்தது. பங்குகளின் ஈட்டின் பேரிலும், சில சமயங்களில் ஈடே இன்றி வெறும் புரோநோட்டின் பேரிலும் பெருந்தொகைகள் போயின. கடன் பெற்றவர்கள் அப்பணத்தைக்கொண்டு அதே பங்குகளை வாங்கினர். வாங்க வாங்க விலை ஏறிற்று. விலை ஏறவே ஈட்டின் மதிப்பு கூடிற்று. மதிப்பு கூடவே மேலும் கடன். வங்கியின் கணக்கேடுகளில் வட்டி வருவாய் பெருகியது. அதன் பங்கே சந்தையில் ரூ. 2,850ஐத் தொட்டது. அன்று அவ்வங்கியை ஆராய்ந்த எவரும் நாட்டிலேயே சிறந்த லாபம் தரும் நிறுவனம் என்று சான்று வழங்கியிருப்பர். லாபக் கணக்கு அந்த ஆண்டின் வருவாயைக் காட்டியது. அவ்வருவாய்க்காக ஏற்கப்பட்ட இடர் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. இன்றைய வங்கிகளின் ஆண்டறிக்கைகளைப் படிப்போரும் கவனிக்கத்தக்க இடம் இதுவே.

நம் சிராவக ஒழுக்கத்தில் ஐந்தாம் அணுவிரதம் பரிக்கிரக பரிமாணம், அதாவது மிகுபொருள் விரும்பாமை. நிலம், வீடு, பொன், தானியம், கால்நடை ஆகியவற்றில் இவ்வளவுக்கு மேல் வேண்டேன் என ஒருவர் தாமே அளவு வகுத்துக்கொள்வது. இதன் சிறப்பு, பொருள் வருமுன் அளவு வகுக்கப்படுவதில் இருக்கிறது. வந்தபின் வகுக்க முற்பட்டால் மனம் எல்லையைத் தள்ளிக்கொண்டே போகும். அதனை அதிசாரம் என்று ஆசாரியர்கள் எச்சரித்தனர். வங்கியின் கடன் வரம்பும் இத்தன்மையதே. கடன் கேட்பவர் எதிரே வந்து அமர்ந்தபின் வகுக்கும் வரம்பு வரம்பாகாது. அதிலும் வந்து அமர்ந்தவர் நகரத்திலேயே பெருஞ்செல்வர் எனில் கேட்கவே வேண்டாம். பிரேம்சந்த் எவ்விரதம் பூண்டிருந்தார் என்று நாம் ஆராயப் புகவில்லை. அது அவருடைய ஆன்ம விஷயம். வங்கி பூண்டிருந்த விரதத்தை வங்கியே விட்டது என்பது மட்டும் ஏடுகளில் உள்ள செய்தி.

1865 ஏப்ரல் 9ஆம் நாள் தென்மாநிலப் படைத்தலைவர் லீ சரணடைந்தார். அச்செய்தி பம்பாயை எட்டியதும் பருத்தி விலை சரிந்தது. ஜூலை 1ஆம் நாள், முன்னரே செய்துகொள்ளப்பட்ட தவணை ஒப்பந்தங்கள் யாவும் தீர்க்கப்பட வேண்டிய நாள். வாங்குவதாக ஒப்பியவரிடம் பணமில்லை. விற்பதாக ஒப்பியவரிடம் இருந்த பங்குகளை வாங்க ஆளில்லை. ஒருவர் விழ, அவரை நம்பியவர் விழ, வரிசையாக வணிக நிலையங்கள் சாய்ந்தன. நொடித்தோரின் விவகாரங்களைத் தீர்ப்பதற்கென்றே அவ்வாண்டில் 28ஆம் சட்டம் இயற்றப்பட்டது. 1866 மே மாதத்தில் இலண்டனில் ஓவரெண்ட் கர்னி நிறுவனம் கவிழ்ந்தபோது எஞ்சியிருந்த நம்பிக்கையும் போயிற்று. அவ்வாண்டிலேயே பிரேம்சந்தும் நொடித்தார். அரசரைப்போல விளங்கியவர் தம் உடைமைகளைக் கடன்காரர்கள் பொருட்டு ஒப்படைக்கும் நிலை வந்தது.

பாங்க் ஆஃப் பம்பாயின் பங்கு ரூ. 87க்கு விற்றது. 2,850 எங்கே, 87 எங்கே! அரசின் பெயரை நம்பித் தம் சேமிப்பை அப்பங்குகளில் இட்டிருந்தோர் நிலை என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். 2 கோடியே 9 லட்ச முதலின் பெரும்பகுதி கரைந்தது. வங்கி மூடப்பட்டு, 1868இல் அதே பெயரில் புதிய வங்கி ஒன்று ஏற்பட்டது.

அதே ஆண்டில் சர் சார்லஸ் ஜாக்சன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. வீழ்ச்சிக்கு அக்குழு கண்ட காரணங்கள் பல. 1863ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கட்டுப்பாடுகளை நீக்கியமை. அச்சட்டம் தந்த அதிகாரத்தைச் செயலாளர்கள் தவறாகப் பயன்படுத்தியமை. தலைவரும் இயக்குநர்களும் காட்டிய அசட்டையும் திறமையின்மையும். தக்க சட்ட ஆலோசனை பெறாமை. காலத்தின் அசாதாரண நிலை. பருத்தி விலையின் வீழ்ச்சி இப்பட்டியலில் தனிப்பெருங் காரணமாக வைக்கப்படவில்லை என்பதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். பஞ்சு விலை இறங்கியது இயற்கை. அது இறங்கினால் தாங்கும்படி வங்கியை வைத்திருப்பது மனிதர் கடமை. பம்பாய் அரசும் ஆளுநர் பார்ட்டில் பிரீயரும் காலத்தே தலையிடவில்லை என்ற கண்டனத்திற்கு ஆளாயினர். அரசு நியமித்த இயக்குநர்கள் இருக்கிறார்கள் என்று மற்றவர் அயர்ந்திருக்க, மற்றவர் பார்த்துக்கொள்வர் என்று அவர்கள் அயர்ந்திருந்தனர் போலும்.

கல்கத்தா, சென்னை மாகாண வங்கிகள் அவ்வாண்டுகளைக் கடந்து பிழைத்து நின்றன. சூதாட்டத்தின் நடுவிடம் பம்பாய் என்பதால் அவ்விரண்டையும் அதனோடு சரிநிகராக ஒப்பிடுதல் நேர்மையாகாது. ஆயினும் பம்பாயின் பாடம் மூன்றுக்கும் சட்டமாயிற்று. 1876 மே 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மாகாண வங்கிகள் சட்டம், பழைய கட்டுப்பாடுகளை மீண்டும் கொணர்ந்தது. நீண்ட தவணைக்குக் கடன் கூடாது. அசையாச் சொத்தின் அடமானம் கூடாது. ஒருவரையொருவர் சாராத இருவருடைய கையொப்பம் இல்லாத புரோநோட்டின் பேரில் கடன் கூடாது. சென்னையில் அன்று மாகாண வங்கியில் கடன் கேட்டுச் சென்ற வணிகர், இரண்டாம் கையொப்பத்திற்கு அலைந்தபோது, அதன் காரணம் பம்பாயில் ஒரே ஒருவருடைய கையொப்பத்திற்குக் கிடைத்த அளவுகடந்த மதிப்பு என்பதை அறிந்திருக்கமாட்டார். இம்மூன்று வங்கிகளே 1921இல் இணைந்து இம்பீரியல் வங்கியாகி, 1955 ஜூலை 1 முதல் பாரத ஸ்டேட் வங்கியாக விளங்குகின்றன. ஒரே கடனாளிக்கு ஒரு வங்கி தரக்கூடிய தொகை, அதன் முதல்நிலை மூலதனத்தில் 20 சதவீதம் என்ற பொதுவான உச்சவரம்பை ரிசர்வ் வங்கி விதித்திருப்பதும் இதே கவலையின் தொடர்ச்சியே.

மீண்டும் பிரேம்சந்தின் வாழ்வுக்கு. வீழ்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. மேலும் நாற்பதாண்டுகள் வாழ்ந்தார். ஊரைவிட்டு ஓடவில்லை. தாம் தொடங்கிய இடத்திற்கே, அதாவது தரகுத் தொழிலுக்கே, திரும்பினார். டவுன் ஹாலின் அருகே ஆலமரத்தடியில் கூடித் தொழில் நடத்திவந்த தரகர்கள் 1875இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்தபோது அதனைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். இன்றைய பம்பாய்ப் பங்குச் சந்தை அச்சங்கத்தின் வளர்ச்சியே. சூதாட்டக் களத்தில் எல்லாவற்றையும் இழந்தவர், அக்களத்திற்கு ஓர் ஒழுங்குமுறை வேண்டும் என்று கூடியோருடன் சேர்ந்துகொண்டது கருதத்தக்கது. பழைய செல்வநிலை மீளவில்லை. எனினும் பைகுல்லாவில் பிரேமோத்தியான் என்னும் தம் இல்லத்தில் மதிப்போடு வாழ்ந்தார்.

அவருடைய கொடைகளைப் பற்றி ஒரு செய்தி. பெருஞ்செல்வம் இருந்த காலத்தில் அவர் வாங்கிய பங்குகளும் தோற்றுவித்த கம்பெனிகளும் பெரும்பாலும் பெயரளவுக்கும் எஞ்சவில்லை. கொடுத்தவை எஞ்சின. 1864இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு நூலகத்திற்கென 2 லட்சம், மணிக்கூண்டிற்கென 2 லட்சம். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு 2 லட்சம். அதன் வருவாயிலிருந்து 1868 முதல் வழங்கப்பட்ட பிரேம்சந்த் ராய்ச்சந்த் ஆய்வுப் பரிசு, வங்காள அறிஞர் உலகில் பெரும் பட்டமாகவே போற்றப்பட்டது. அசுதோஷ் முகர்ஜி, யதுநாத் சர்க்கார் ஆகியோர் அதனைப் பெற்றவர்கள். ஆமதாபாத்தில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி, சூரத்தில் பெண்கள் பள்ளி, மேலும் தர்மசாலைகள், ஜினாலயத் திருப்பணிகள் எனப் பட்டியல் நீளும். அறக்கொடையைப் போற்றும் நம் மரபினர் இதைப் படித்து மகிழ்வது இயல்பு. அதே வேளையில், அவ்வாண்டுகளின் செல்வம் எவ்வகையில் திரண்டது என்ற வினாவையும் மறைக்கக் கூடாது. அக்கொடையைப் பெற்ற மாணவர் மகிழ்ந்தனர். அவ்வங்கியின் பங்குதாரர் முதலிழந்தனர். இரண்டும் ஒரே மனிதரின் வரலாறு. அவர் வஞ்சகர் என்று தூற்றுவோரோடும், குற்றமே அற்றவர் என்று போற்றுவோரோடும் என்னால் உடன்பட இயலவில்லை. தம் கணிப்பின்மீது தாமே அளவின்றி நம்பிக்கை வைத்தார். காவல் காக்கவேண்டிய வங்கியும் அவரைவிட மிகுதியாக அவரை நம்பிற்று.

மணிக்கூண்டுக்கு 1869 மார்ச் 1ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது கொடையாளர் நொடித்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆங்கிலக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வரைந்த திட்டப்படி எழுந்து, 1878 நவம்பரில் கட்டி முடிக்கப்பட்டது. மொத்தச் செலவு ஐந்தரை லட்ச ரூபாய். தாம் செல்வராயிருந்தபோது கொடுத்த பணத்தைக்கொண்டு, தாம் செல்வமிழந்தபின் எழும்பிய அக்கோபுரத்தைப் பிரேம்சந்த் தம் எஞ்சிய நாளெல்லாம் கண்டுகொண்டிருந்திருப்பார்.

1906 ஆகஸ்ட் 31ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் வழியினர் நிதித் தொழிலையே தொடர்ந்து நடத்தினர். இராஜாபாய் கோபுரம் உள்ளிட்ட அப்பகுதிக் கட்டடத் தொகுதியை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பம்பாய் செல்லும் நம்மவர் சர்ச்கேட் இரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும். ஓவல் மைதானத்தின் எப்பக்கம் நின்றாலும் அக்கோபுரம் தெரியும்.